இடைசெவலுக்கு ஒரு யாத்திரை

ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளைப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஆயிரமாயிரம் ஜனங்கள் வடம் பிடித்த வீதிகள் இவைதான் என்று சத்தியம் செய்தாலும் அயலூரார் நம்பமாட்டார்கள். மோர்ப் பந்தலின் கீற்றுகளை ஒருவர் நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருப்பார். பலூன்காரர் விலைபோகாத பலூன்களின் காற்றைத் திறந்துவிட்டுப் பையில் திணித்துக்கொண்டிருப்பார். தேர்ச் சக்கரம் உருண்ட தடம் மட்டும் சாலையில் பதிந்து கிடக்கும். சுமார் 192 அடி உயரமுள்ள பதினொரு நிலைக் கோபுரமோ, இதைப் போல் எத்தனை ஆடிகளைப் பார்த்துவிட்டோம் என்பது போலச் சும்மா நிற்கும்.

நமக்கு உத்தியோகம் வேறு ஊரில். ஆனாலும் தேருக்கு நாம் ஊர் வந்து சேராத ஆண்டுகள் மிகச் சில. தேரன்று நமது பால்ய நண்பனைப் பிடிக்க முடியாது. அவன் பால்கோவாக் கடைக்காரன். அன்று கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைத் தாண்டி அவன் தலையைக்கூடப் பார்க்க இயலாது. ஆகவே மறுநாளை எங்கள் இருவருக்கும் உரிய நாளாக வைத்துக்கொண்டிருந்தோம். பொழுது விடியும் முன்பே திருமுக்குளத்துப் படிக்கட்டில் போய் உட்காருவோம். ஓர் ஆண்டுக் கதையை வெயில் ஏறும் வரையில் பேசித் தீர்ப்போம்.

இந்த ஆண்டு அந்தப் படிக்கட்டில் நாம் தனியே உட்கார்ந்திருந்தோம். சென்ற மார்கழியில், நெஞ்சை வலிக்கிறது என்று இரவில் படுத்தவன், காலையில் பால் வரும் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. எழுந்து போகலாம் என்று நினைத்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது. நண்பனுடைய மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன். தகப்பனைப் போலவே தலையைச் சற்றுச் சாய்த்து நின்றுகொண்டு, "மாமா, இடைசெவலுக்குப் போய் வரலாமா? உங்களோடு போக வேண்டுமென்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றான்.

இடைசெவல் என்பது கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி சாலையை ஒட்டிய ஒரு கரிசல் கிராமம். அங்கே மலையில்லை, அருவியில்லை, பெயர் பெற்ற கோயிலும் இல்லை. அப்படியானால் யாத்திரை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில், அந்த ஊரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று விவசாயி வீட்டுப் பிள்ளை. மற்றொன்று பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஒன்றாகப் புழுதியில் விளையாடி, ஒன்றாகப் பாட்டுக் கேட்டு, ஒன்றாகப் புத்தகம் படித்து வளர்ந்த அவ்விருவரும் தமிழ்ச் சிறுகதைக்குப் பெரும் செல்வம் சேர்த்தார்கள். முன்னவர் கி. ராஜநாராயணன், பின்னவர் கு. அழகிரிசாமி. ஒரே சிற்றூரில், ஒரே மாதத்தில் பிறந்த இரு நண்பர்களும் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றார்கள் என்பது எங்கும் எளிதில் காணக்கூடிய விஷயமல்ல.

இந்த இருவரையும் நமக்கு அறிமுகம் செய்து வைத்தவன் நமது நண்பன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூல் நிலையம் என்று ஒன்று உண்டு. 1875-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அக்காலத்துக் கலெக்டர் ஒருவரின் பெயரால் வழங்குவது. பள்ளிக்கூடம் விட்டதும் நாமிருவரும் அங்கே போய்விடுவோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் நமது வழிகள் பிரிந்தன. நாம் மேலே படிக்கச் சென்றோம். அவன் தகப்பனாருடைய அடுப்படிக்குப் போனான். ஆனால் நூல் நிலையத்தை அவன் விடவில்லை. கையில் பால் வாசனையோடு வந்து உட்கார்ந்து படிப்பான். ஒரு விடுமுறையில் 'கோபல்ல கிராமம்' நாவலை நம் கையில் கொடுத்து, "வாத்தியாரே, இந்த மனுஷர் நாம் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார். இப்படியும் எழுதலாமாம்!" என்றான். அப்போது நாம் வாத்தியார் ஆகவில்லை. ஆயினும் சிறு வயதிலிருந்தே அவன் நமக்கு இட்ட பெயர் அது.

2019-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "உன் யூனிவர்சிடிப் பட்டத்தை விட என் சட்டிக்கு வந்த பட்டம் பெரிது, தெரியுமா?" என்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இடைசெவலுக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ முறை பேசினோம். ஒரு வருஷம் நமக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. மறு வருஷம் அவனுக்குக் கல்யாணப் பருவத்து வியாபாரம். 2021-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி புதுச்சேரியில் கி. ரா. காலமானார். உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையோடு அந்திமக் கிரியை நடந்தது. "இப்போதாவது போவோமா?" என்று நண்பன் கேட்டான். அது கொரோனா ஊரடங்குக் காலம். வீட்டு வாசற்படி தாண்ட வழியில்லை. "நிலைமை சரியாகட்டும்" என்றோம். நிலைமை சரியாகிப் பல நாட்கள் ஆயின. நாம்தான் போகவில்லை.

பையனும் நாமும் புறப்பட்டோம். காரில் போனால் சாத்தூர் வழியாகச் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் "ராஜபாளையம், சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும்" என்பது நண்பன் போட்டிருந்த திட்டம். அவன் திட்டப்படியே போனோம்.

ராஜபாளையம் சுமார் 12 கிலோமீட்டர். வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வருகிறது. சாம்பல் நிற மலை அணில்களுக்குப் புகலிடமான காடு அது. ராஜபாளையத்தை நேயர்கள் வேட்டை நாயின் பெயராலோ, நூல் ஆலைகளின் பெயராலோ அறிந்திருக்கக்கூடும். நமக்கு அந்த ஊர் என்றதும் ஞாபகம் வருகிறவர் பூ. ச. குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரையில் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியாக இருந்தவர். பின்னர் ஒரிஸ்ஸாவின் கவர்னரானவர். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்ட தேசபக்தர். பதவியால் வீடு சேர்ப்பது உலக வழக்கம். இருந்த வீட்டையும் ஊருக்குக் கொடுத்தது அவர் வழக்கம். பஸ் நின்ற சில நிமிஷங்களில் இதைப் பையனிடம் சொன்னோம். "அப்பாவும் இதே இடத்தில் இதையேதான் சொல்வார்" என்றான்.

சங்கரன்கோவிலை நெருங்கும்போது மலை தூரத்தில் விலகி நிற்கிறது. ஆடித்தபசுக்குப் பிரசித்தமான ஊர். அரியும் அரனும் ஓருருவில் காட்சி தரும் தலம். அதைக் கடந்து கிழக்கே திரும்பினால் மண்ணின் நிறம் மாறுகிறது. செவ்வல் குறைந்து கருமை கூடுகிறது. கழுகுமலை வரும்போது சுற்றிலும் கரிசல். நடுவே ஒரே பாறை.

அந்தப் பாறையில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கியது. சிகரமும் சிலைகளும் உயிரோடு இருப்பவை போலத் தோன்றுகின்றன. கீழ்ப்பகுதியை முடிக்காமலே விட்டுவிட்டார்கள். அருகே சமண தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறை நெடுக வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அடிவாரத்து முருகன்மேல்தான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார். இருபத்தாறு வயதுக்குள் மறைந்துபோன அந்தக் கவியின் சிந்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்து பதிப்பித்தவர் யார்? இடைசெவல் பொற்கொல்லர் மகனான அழகிரிசாமிதான். இதை நாம் சொன்னபோது பையன் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "முடிக்காமல் விட்டதால் யாரும் குறை சொல்வதில்லையே, மாமா" என்றான். என்ன நினைத்துச் சொன்னானோ, நாம் கேட்கவில்லை.

கோவில்பட்டியில் இறங்கிக் கடலை மிட்டாய் வாங்கினோம். அதற்கும் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. "நமக்கு ஒரு வருஷம் பிந்தியவர்கள்" என்று பையன் சொன்னான். அச்சாகத் தகப்பனாரின் குரல்! நாமிருவரும் சிரித்தோம். நண்பன் போன பிறகு அவனைப் பற்றிப் பேசிச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

இந்த ஊர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர். இடைசெவல் நண்பர்கள் இருவருக்கும் எழுத்துக்கு முன்னால் சங்கீதத்தில்தான் பித்து. விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனையில் தோய்ந்தவர்கள். பிற்பாடு குற்றாலத்தில் ரசிகமணி டி. கே. சி.யின் சபையில் அமர்ந்து கவிதை கேட்டவர்கள். கோவில்பட்டிக்குத் தெற்கே குமாரபுரம் என்று ஒரு சிறு ரயில் நிலையம் இருக்கிறது. 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்ற அழகிரிசாமியின் கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகையே போதும், நெஞ்சு கனிந்துவிடும். ஊர் ஜனங்களின் நடமாட்டமற்ற ஒரு ஸ்டேஷனையும், உயர்நிலைப் பள்ளியில் சேர ரயிலேறும் கிராமத்துச் சிறுவர்களையும் வைத்துக்கொண்டு, மனிதர் மனிதருக்குச் செய்யும் சிறு உதவிகளின் மகிமையை அவர் காட்டிவிட்டார். உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது படிக்க வேண்டிய கதை அது.

இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சிப் பொழுது. ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் இறைத்தது. கரிசல் காட்டில் அந்தச் சமயத்தில் பயிர் கிடையாது. உழுது போட்ட நிலம், வானம் பார்த்து வெடித்துக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் மண். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "எழுதுறவுக ஊரைப் பார்க்க வந்தீகளா? வாங்க, முதல்ல தண்ணியக் குடிங்க" என்று செம்பை நீட்டினார். உபசாரத்தில் இந்த மண் வறண்டதல்ல.

தெருக்களைச் சுற்றி வந்தோம். கி. ரா. படித்த பள்ளியைப் புதுப்பிக்கப் போவதாக அவர் மறைந்தபோது அரசு அறிவித்தது. மழைக்காக மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன் என்று தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர் அவர். அத்தகையவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் அமர்த்தியது. அழகிரிசாமியோ பத்திரப் பதிவு ஆபீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகைத் தொழிலைத் தேடிப் போனார். மலாயா வரையில் சென்று 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்து திரும்பினார். 1970-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, நாற்பத்தாறாவது வயதில் காலமானார். 'அன்பளிப்பு' தொகுதிக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு அவர் மறைந்த பிறகுதான் வந்தது. கி. ரா.வுக்கு அதே பரிசு 1991-ஆம் ஆண்டில் கிடைத்தது. சிநேகிதர் இல்லாத உலகத்தில் கி. ரா. ஏறக்குறைய 51 ஆண்டுகள் இருந்தார். அந்தச் சிநேகிதரைப் பற்றிச் சொல்லி அவருக்கு அலுக்கவேயில்லை.

அவர் செய்த மற்றொரு காரியம் இருக்கிறது. ஊரை விட்டுப் போன அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் அவர் பத்திரமாக வைத்திருந்தார். பின்னர் அவை புத்தகமாக வெளிவந்தன. போனவர் எழுதினார், இருந்தவர் காத்தார்.

ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து இந்த விவரத்தைப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவன் குனிந்தபடியே கேட்டான்: "அப்பாவும் உங்களுக்கு நிறையக் கடிதம் எழுதியிருக்கிறாராமே, மாமா? அம்மா சொன்னாள். ஒன்றிரண்டாவது இருக்கிறதா? படிக்க வேண்டும்."

நேயர்களே, நாற்பது வயது கடந்த மனிதனைத் தலைகுனிய வைக்க இந்த ஒரு கேள்வி போதும். நாம் கல்லூரி விடுதியில் இருந்த ஐந்து ஆண்டுகளிலும் மாதம் தவறாமல் அவனிடமிருந்து ஓர் இன்லண்டுக் கடிதம் வரும். விடுதியைக் காலி செய்த அன்று, பழைய நோட்டுப் புத்தகங்களோடு அவற்றையும் பழைய பேப்பர்க்காரருக்கு எடை போட்டுவிட்டோம். கிடைத்த காசில் சினிமாவுக்குப் போனோம். இங்கே இருந்தவன் எழுதினான்; போன நாம் காக்கவில்லை.

உண்மையைச் சொன்னோம். பையன் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். "அப்படியானால் இது ஒன்றுதான் மிச்சம்" என்றான்.

நிறம் மங்கிய இன்லண்டுக் கடிதம். நண்பனின் கோணல் கையெழுத்து. அதன் மேலெல்லாம் சிவப்பு மை. சிவப்பு மை நம்முடையது.

மறந்தே போயிருந்தோம். தமிழ் இலக்கியம் படிக்கிற கர்வத்தில், ஒரு முறை அவனுடைய கடிதத்தில் இருந்த பிழைகளைத் திருத்தி, பரீட்சைத் தாளைப் போல மதிப்பெண்ணும் போட்டு, அவனுக்கே திருப்பி அனுப்பினோம். வேடிக்கைக்காகச் செய்ததுதான். அதன் பிறகு நாலைந்து மாதம் அவனிடமிருந்து கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாம் யோசிக்கவும் இல்லை. திருப்பி அனுப்பியதால் இந்த ஒன்று மட்டும் பிழைத்திருக்கிறது.

கடிதத்தில் அவன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "கருக்கல்ல எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சிருதேன். பால் வத்துறப்ப துடுப்புச் சத்தம் மாறும். அது எப்ப மாறுதுன்னு இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு. அய்யா ஒண்ணும் சொல்லல, எந்திரிச்சுப் போயி வெத்தல போட்டாரு. பெறவு என்ன, நாந்தான் இனிமே."

'கருக்கல்ல' என்பதை அடித்து 'அதிகாலையில்' என்று எழுதியிருந்தோம். 'பெறவு' என்பதை அடித்துப் 'பிறகு' என்று எழுதியிருந்தோம். துடுப்பின் சத்தம் மாறியதை, தகப்பனார் பேசாமல் எழுந்து போனதை, பதினெட்டு வயதில் ஒரு தொழில் தன் கைக்கு வந்ததை அவன் சொல்லியிருந்தான். அது ஒன்றும் அன்று நம் கண்ணில் படவில்லை. நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டிருந்தோம்.

இத்தகைய சொற்களைத்தான் இடைசெவல் விவசாயி ஒருவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி என்று 1982-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாம் சிவப்பு மையால் அடித்த சொற்களை அவர் அகராதியில் ஏற்றி உட்காரவைத்தார். நண்பன் ஏன் அந்த மனிதரைத் தலையில் வைத்துக்கொண்டாடினான் என்பதும், இந்த ஊருக்கு நம்மை அழைத்துப் போக ஏன் அத்தனை ஆசைப்பட்டான் என்பதும் அந்த வேப்பமரத்தடியில்தான் நமக்கு விளங்கிற்று. ஒருநாளாவது அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. 'வாத்தியாரே' என்று அழைத்தான், அவ்வளவுதான்.

கடிதத்தை உரக்கப் படித்தோம், அவன் எழுதியிருந்தபடியே. திருத்தங்களைப் படிக்கவில்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும், "இன்னொரு தடவை, மாமா" என்றான். இன்னொரு தடவை படித்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மற்றக் கடிதங்களில் என்ன இருந்தது என்று பையன் கேட்டுக்கொண்டே வந்தான். நினைவில் இருந்தவற்றைச் சொன்னோம். திருமுக்குளம் நிறைந்ததும் தனியே இறங்கிக் குளிக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதம். புரட்டாசியில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதிக்குப் புறப்படுவதைப் பார்த்துவிட்டு, "மாலைகூட மலையேறிப் போகுது, நான் இந்த ஊரை விட்டு எங்கயும் போகல" என்று ஒரு கடிதம். பையன் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டான். சங்கரன்கோவில் வருவதற்குள் ஏழு கடிதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஏறக்குறைய அறுபது இருந்திருக்க வேண்டும். மீதியை ஞாபகப்படுத்தி எழுதி அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது. சொற்களை அவன் சொன்னபடியே எழுத முயல்கிறோம். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இடைசெவலைப் பார்க்க விரும்பும் நேயர்கள் கோவில்பட்டி வரையில் ரயிலிலோ பஸ்ஸிலோ வரலாம். அங்கே கி. ரா.வின் நினைவாக அரசு எழுப்பியிருக்கும் அரங்கத்தைப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிச் சாலையில் போகும் பஸ்ஸில் ஏறினால் சிறிது நேரத்தில் ஊர் வந்துவிடும். மழை பெய்து பயிர் எழுந்த மார்கழி, தை மாதங்கள் நல்ல பருவம். கூட வருவதாகச் சொன்ன நண்பர் ஒருவர் உங்களுக்கு இருந்தால், அவருக்கு ஒழிகிற நாளைக் கேட்டு, அந்த நாளிலேயே புறப்பட்டுவிடுங்கள். பரணில் பழைய கடிதக் கட்டு ஏதேனும் இருந்தால், பழைய பேப்பர்க்காரர் வரும் முன்பாக அதைக் கீழே இறக்கி ஒரு முறை பிரித்துப் பாருங்கள்.